விலாவால் பறந்தவள்

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்காட்டில் மாசாத்தி என்றொருத்தி இருந்தாள். உயிர்களுக்கெல்லாம் எலும்பு கோத்துக் கொடுப்பது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேலை சுத்தம்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் நெருப்பு நாகம் செம்பி அவளிடம் ஓடிவந்தாள். இரண்டு கை, இரண்டு கால், பனைமர நீளத்துக்கு உடம்பு, மூச்சு விட்டால் நெருப்பு. அப்படிப்பட்டவள் அன்று தேம்பித் தேம்பி அழுதாள்.

“அக்கா, இரை தேடி இக்கரைக்கு வந்தேன். வெள்ளம் வந்துடுச்சு. அக்கரை மரத்துல என் பிள்ளை தனியா இருக்கு. பொறந்து மூணு நாள்தான், விரல் நீளம்கூட இல்ல. மரத்தடி மண்ணை வெள்ளம் அரிக்குது. எனக்கு இறக்கை வேணும்.”

மாசாத்தி பதறிப்போய், அவள் முதுகில் இரண்டு இறக்கைகளை வைத்துக் கட்டினாள். செம்பி ஒருமுறைதான் அடித்தாள். இரண்டும் கழன்று சேற்றில் விழுந்தன.

“என் புத்தி எங்க போச்சு!” என்று மாசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “தோள் எலும்பு இல்லாம இறக்கை எதுல நிக்கும்? உன் தோள்ல கை இருக்கு. பறவை கையைக் கொடுத்துத்தான் இறக்கை வாங்குச்சு. நீயும் கொடுடி.”

“கையைக் கொடுத்துட்டா பிள்ளையை எதால தூக்குவேன்?”

மாசாத்தி செம்பியைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தாள். விலா எலும்புகளில் கை நின்றது.

“இதை வெளியே விரிச்சுத் தோலைப் போர்த்தலாம். ஆனா நெஞ்சுக்குக் காவல் போயிடும். இத்தனை பாரத்தையும் இது தாங்காது, நீ ஒரு சாண் ஆகணும். நெருப்பும் போயிடும். அப்புறம் காக்காகூட உன்னைத் துரத்தும்டி.”

“செய்ங்கக்கா. சீக்கிரம்.”

மாசாத்தி விலாக்களை ஒவ்வொன்றாக விரித்தாள். காட்டையே நடுங்கவைத்தவள் உள்ளங்கையில் அடங்கிப்போனதும் மாசாத்திக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்பியை உயரமான மரத்தில் ஏற்றிவிட்டாள்.

செம்பி காற்றில் சறுக்கி அக்கரை சேர்ந்தாள். குட்டியை ஒரு கையால் அணைத்து, மறு கையால் உச்சிக்கிளைக்கு ஏறிப் பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் மரம் வேரோடு சாய்ந்தது.

இக்கரை வந்த பிறகும் குட்டி அவள் நெஞ்சைவிட்டு நகரவில்லை. “அம்மா, உள்ளே என்னமோ டும்டும்னு கேக்குதே!” என்றது.

“நடுவுல எலும்பு இல்லல்ல, அதான் கண்ணு” என்றாள் செம்பி.

அன்று முதல்தான் செம்பியின் வழிவந்த பறக்கும் ஓணான் தன் விலாவை விரித்துப் பறக்கிறது. மரத்தில் வந்து இறங்கியதும், குட்டி இன்னும் அங்கேயே இருப்பதுபோல, அந்த விலாவை மெல்ல நெஞ்சோடு மடித்துக்கொள்கிறது.