எண்ணெய் குடித்த கூப்புப்பெட்டி

அந்தக் காலத்தில் வான்கோழியும் நம்மைப்போல நாலு வார்த்தை பேசும், அதோடு சரி. இன்றைக்குப் போடுகிற கூச்சலெல்லாம் அப்போது கிடையவே கிடையாது. நம்பாதவர் போங்கள், நான் சொல்வதைச் சொல்கிறேன்.

அப்போது செவத்தி என்றொருத்தி நாற்பது வான்கோழி வளர்த்தாள். அதுதான் அவளுக்குச் சோறு, அதுதான் சொந்தம். பகலில் அவை ஆற்று நடுவே மணல்திட்டில் மேயும். பொழுது சாய்ந்ததும் செவத்தி கரையில் நின்று கூப்புப்பெட்டியை எடுப்பாள். பூவரச மரத்தில் அவளே குடைந்த சின்னப் பெட்டி, மேலே ஒரு மூடி. மூடியை விளிம்பில் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவதுபோலவே 'கியாவ், கியாவ்' என்று கேட்கும். சத்தம் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் கரையேறிவிடும்.

செவத்தி வண்டிப்பட்டறைக்காரர் வீட்டுப் பெண். மரம் என்றால் எண்ணெய் போட்டே பழகிய கை. ஒருநாள் காலையில் பெட்டி வறண்டு வெளுத்திருப்பதைப் பார்த்தாள். "ஐயோ பாவம், எனக்காக எவ்வளவு உழைக்கிறே!" என்று விளக்கெண்ணெயை உள்ளும் புறமும் பூசி மினுமினுவென்று ஆக்கிவிட்டாள். பார்க்க அப்படி ஓர் அழகு!

அன்று மாலை மேற்கே மலையில் மழை கொட்டியது. ஆற்றில் செந்தண்ணீர் பெருகி வந்துவிட்டது. இங்கே மழையில்லை, ஒரே புழுதிக்காற்று. எதிரே எது திட்டு, எது கரை என்றே தெரியவில்லை. செவத்தி கத்திப் பார்த்தாள், காற்றில் எடுபடவில்லை. பெட்டியைத் தேய்த்தாள். மூடி வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தினாள். எலிக்குஞ்சு முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

திட்டில் பெட்டைகள் பதறின. "சொட்டையண்ணே, ஏதோ கேட்டுச்சே, அக்காதானோ?"

கூட்டத்துக்குத் தலைவன் சொட்டையன். "அதுவா அக்கா பெட்டி? ஏதோ கிளை உரசுது. பேசாம நில்லுங்க. திசை தப்பி இறங்கினா ஆறு அள்ளிட்டுப் போயிரும்" என்றது. தண்ணீர் கால்விரலைத் தொட்டுவிட்டது.

செவத்தி மூடியைத் தடவிப் பார்த்தாள், விரலெல்லாம் எண்ணெய். "கெடுத்தவளும் நான்தான், சரியாக்கப்போறவளும் நான்தான்" என்று குடிசைக்கு ஓடினாள். அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்து எண்ணெயை உறிஞ்ச வைத்தாள். விளிம்பைக் கத்தியால் சுரண்டினாள். அதன்மேல் காய்ந்த சுண்ணாம்புக்கட்டியை நன்றாக உரசினாள். கரைக்கு வந்து ஓர் இழுப்பு இழுத்தாள். 'கியாவ்!'

"அக்காவேதான்! இறங்குங்கடா!" என்றது சொட்டையன். வயிறு நனைய நனைய நாற்பதும் கரையேறின. திரும்பிப் பார்த்தால் திட்டைக் காணோம்.

"முதல்ல முனகினதும் நீதானா அக்கா?" என்று கேட்டது சொட்டையன்.

"நான்தான்டா! ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? உசுரோட இருக்கீங்களா இல்லையான்னு தெரியாம நான் செத்துப் பிழைச்சேன்!" என்று செவத்தி ஓவென்று அழுதுவிட்டாள்.

சொட்டையனுக்கு முகம் சிவந்து, கழுத்து வரைக்கும் சிவந்தது. "அழாதே அக்கா. இனிமே கிளை உரசினாலும் சரி, யாராவது தும்மினாலும் சரி, நாங்க பதில் சொல்லிடுறோம். வீணாக் கத்தினா வாய்தானே வலிக்கும்!"

அன்று முதல்தான் கூப்புப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதற்கு எண்ணெய் காட்டாமல் சுண்ணாம்புக்கட்டி உரசி வைக்கிறார்கள். கதவு கிறீச்சிட்டாலும் நீங்கள் இருமினாலும் வான்கோழிக் கூட்டம் மொத்தமும் களகளவென்று கத்துவதும் அன்று முதல்தான். 'இருக்கோம் அக்கா, இருக்கோம்' என்று சொல்கின்றன.