எலித் தட்டும் எல்லாம் தெரிந்த பண்டிதரும்

கடலில் இப்போதைவிடக் கொஞ்சம் உப்புக் குறைவாக இருந்த காலம். முத்தலைத்துறை என்கிற நாட்டை வளவர்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். மறக்காதது ஒன்றுதான்: புதிய பொருளைக் கண்டுபிடித்தவருக்குச் செப்பேடு. பத்து வருஷம் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது. ஆனால் தொழில் தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றிவிடுகிற பொருளென்றால் செப்பேடு கிடையாது.

அந்த ஊருக்கு ஒன்பது வருஷமாக எலித் தொல்லை. கப்பலைக் கட்டிய வடத்தின் மேல் நடந்து கரையிறங்கி, அரண்மனைக் களஞ்சியத்தில் குடும்பம் நடத்தின. எலி பிடிக்க வளர்த்த பூனைகளோ அரண்மனைப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கின.

ஒருநாள் கயிறு திரிக்கும் பொன்னுருவி சபைக்கு வந்தாள். கையில் நடுவே துளையிட்ட பெரிய பித்தளைத் தட்டு.

"மகாராஜா, வடத்தை இந்தத் துளையில கோத்துக் கட்டினா, எலி தட்டு வரைக்கும் வரும். வழுக்கிக் கடல்ல விழும்."

ராஜாவுக்கு யோசனை சொல்லும் பண்டிதர் தில்லைவிடங்கர் சிரித்தார். அவருடைய மைத்துனருக்குப் பாத்திரப் பட்டறை இருந்ததற்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்புவோம்.

"தட்டு பழசு, துளை பழசு, கயிறு பழசு. எலி இதைத் தாண்டாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு எப்போதோ தெரியும்!"

"தெரிஞ்சுமா சாமி ஒம்பது வருஷமா பூனைக்குப் பால் ஊத்தச் சொன்னீங்க?"

சபையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ராஜா கோபமாகி, "செப்பேடு கிடையா..." என்று தொடங்கினான்.

அமைச்சர் இளங்குமணன் எழுந்தார். "மூன்று நாள் கொடுங்கள். ஒரு கப்பலில் கட்டிப் பார்த்துவிடலாம்."

நான்காம் நாள் அமைச்சர் தொங்கிய முகத்தோடு வந்தார். "தோற்றுவிட்டது, மகாராஜா. எலிகள் தட்டைத் தாவிப் போய்விட்டன."

பொன்னுருவிக்குக் கண் கலங்கியது. பண்டிதர் துள்ளி எழுந்தார்.

"அப்போதே நினைத்தேன்! எலிக்கென்ன கால் ஒடிந்தா கிடக்கிறது? தாவிவிடும் என்று பச்சைக் குழந்தையும் சொல்லுமே!"

"மன்னிக்க வேண்டும், நாக்குப் புரண்டுவிட்டது" என்றார் அமைச்சர். "ஒரு எலிகூடத் தாண்டவில்லை. எல்லாம் கடலில் நீச்சல் பழகுகின்றன. பண்டிதரே, தாண்டாது என்ற குழந்தை எது, தாண்டும் என்ற குழந்தை எது?"

அமைச்சர் ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"விடையைக் கண்டபின் எல்லாருக்கும் தெரியும், மகாராஜா. காணும்முன் யாருக்குத் தோன்றியது என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக இந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். செப்பேட்டைத் தன் கையாலேயே பொன்னுருவியிடம் கொடுத்தான். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினான்.

"உமக்கு ஒரு தண்டனை வைத்திருக்கிறேன். என்னவென்று தெரியுமா?"

பண்டிதர் அமைச்சரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"தெரியாது, மகாராஜா."

"அதை உம் வாயால் சொல்லவைப்பதுதான் தண்டனை. போய் உட்காரும்!"