மடிக்க முடியாத தட்டு

வாழையிலையை யாரும் விலை கொடுத்து வாங்காத காலம் அது. அந்தக் காலத்தில் குருவிநல்லூர் என்று ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு மாசிலாமணி என்று ஒரு சமையல்காரன். இந்தக் கதை ராஜாவைப் பற்றியது அல்ல. மாசிலாமணியின் சகலை அம்மையப்பனைப் பற்றியது. அக்காளைக் கட்டியவன் மாசிலாமணி, தங்கையைக் கட்டியவன் அம்மையப்பன்.

அம்மையப்பனும் சமையல்காரன்தான். ஆனால் ஒரு வீட்டில் நிலையாக நிற்கிறவன் அல்ல. கல்யாண வீட்டார் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். வெற்றிலையை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். போவான், கோட்டை அடுப்பு வெட்டுவான், ஆயிரம் இலைக்குச் சமைப்பான், அடுத்த ஊருக்குக் கிளம்புவான். பந்தி முடியும்போது மட்டும் ஓரமாக வந்து நிற்பான். சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கம் மடித்தால் மனம் நிறைந்தது என்று பொருள் அல்லவா? அத்தனை இலையும் உள்பக்கம் மடிவதைப் பார்த்த பிறகுதான் தனக்கு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வான்.

எல்லாம் சரி. ஆடி மாதம் என்று ஒன்று வருகிறதே! ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. அம்மையப்பன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்கிறவன் கண் சும்மா இருக்குமா?

மாதம் பிறந்தால் அரண்மனை நெல் வண்டி அவன் வீட்டு வாசல் வழியாகச் சகலை வீட்டுக்குப் போகும். ஆடியில் வண்டி போனது, அம்மையப்பன் கதவைச் சாத்தினான். மார்கழியில் போனது, கதவோடு ஜன்னலையும் சாத்தினான். மறு ஆடியில் போனபோது சாத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளும் வண்டி போனது.

அவன் மனைவி உலகம்மை இதைப் பார்த்துவிட்டாள். "நம்ம குதிருல நெல்லு இருக்குதா, இல்லையா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றான்.

"அப்புறம் அந்த வண்டி எந்த வாசல்ல நின்னா உங்களுக்கு என்ன?"

நல்ல கேள்விதான். பொறாமைக்காரனுக்கு நல்ல கேள்வி காதில் ஏறாது. ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறவனுக்கு வண்டி நெல், கைப்பிடி கைப்பிடியாக உப்புப் போடுகிற எனக்கு வெறும் வெற்றிலையா என்று அவன் வயிறு எரிந்தது.

ஆவணி பிறந்தது. ராஜா தன் மடைப்பள்ளிக்கு இரண்டாவது சமையல்காரன் வேண்டும் என்று முரசறைவித்தார். முரசுச் சத்தம் அடங்குமுன் அம்மையப்பன் அரண்மனையில் நின்றான்.

ராஜா சொன்னார்: "மூன்று நாள் சமைத்துக் காட்டு. அதுவரை மாசிலாமணிக்கு ஓய்வு. எனக்குப் பிடித்தால் ஆயுள் முழுக்க உனக்கு இங்கே வேலை. ஆனால் பிறகு வெளியே ஒரு கரண்டிகூடப் பிடிக்கக் கூடாது."

இங்கே ஒரு சிக்கல். மூன்றாம் நாள் வயல்குடியில் ஒரு கல்யாணம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கட்டியப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு வைத்த வெற்றிலையை அம்மையப்பன் எப்போதோ வாங்கிவிட்டான். என்ன செய்வது என்று விழித்தபோது, உனக்குப் பதில் நான் போகிறேன் என்று மாசிலாமணியே வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மையப்பனுக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. அண்டா எங்கே, அகப்பை எங்கே என்று சொன்னான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முதல் பந்தி உட்காரும்போதே இரண்டாம் பந்திக்கு உலை வைத்துவிட வேண்டும், இரண்டாம் பந்தி உட்காரும்போதே மூன்றாம் பந்திக்கு. பந்திச் சமையலின் உயிர் அதுதான். சொல்ல வாயெடுத்தான், நெல் வண்டி ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் திண்டாடட்டும் என்று நினைத்தான். அது பெரிய பாவம். அவனுக்கும் தெரியும்.

முதல் நாள் அரண்மனையில் சமைத்தான். கை பழக்கத்தில் உப்பை அள்ளிவிட்டது. ராஜா ஒரு வாய் வைத்தார், ஒரு குடம் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் நாள் பயந்து பயந்து சமைத்தான். உப்பே இல்லை. ராஜா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு சிட்டிகை எடுத்து, அதில் பாதியை உதறிவிட்டுப் போட்டான். அமிர்தமாக வந்தது. ராஜா தங்கத் தட்டில் சாப்பிட்டார், கை கழுவினார், எழுந்து போனார். பணியாள் தட்டை எடுத்துப் போனான். அம்மையப்பன் ஓரமாக நின்றுகொண்டே இருந்தான். எதற்காக நிற்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

சற்று நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார் ராஜா. வேலை உனக்குத்தான், சம்மதமா என்றார். அவன் வாய் திறக்குமுன் அரண்மனைக்கு வெற்றிலைக் கட்டுக் கொண்டுவருகிற ஆள் மூச்சிரைக்க வந்தான். வயல்குடியில் இரண்டு பந்தியோடு சோறு தீர்ந்துவிட்டது, மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலை முன் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்துவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும், கட்டியப்பன் தலையில் கை வைத்து அழுகிறார் என்றான்.

ஒளிப்பானேன், கேட்டதும் அம்மையப்பனுக்கு உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. சகலை தோற்றான்! அடுத்த கணமே வெறும் இலைகள் வரிசையாக அவன் கண்ணில் தெரிந்தன. அவை அவன் வாக்குக் கொடுத்த இலைகள்.

"சாமி, நான் ஏத்துக்கிட்ட இடத்துல இலை காலியா கிடக்கு. போயிட்டு வந்து சொல்றேன்" என்று ராஜாவைக் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

அரை நாழிகை ஓட்டம். பந்தலில் மாப்பிள்ளையின் பாட்டனார் கை ஊன்றி எழப்போகிற சமயம். அம்மையப்பன் எல்லார் முன்னாலும் விழுந்தான். "தப்பு எங்க அண்ணன் மேல இல்லை. சொல்ல வேண்டியதை நான்தான் வேணும்னே சொல்லாம விட்டேன். ஒரு நாழிகை பொறுத்துக்கங்க" என்றான். பெரியவர் முறைத்தார். ஆனால் உட்கார்ந்தார். உலை கொதித்தது. நெய்யில் மிளகு பொரிகிற வாசனை பந்தலில் பரவியது. அதற்குப் பிறகு யாரும் எழுந்து போவது பற்றிப் பேசவில்லை.

பந்தி முடிந்தது. இலைகள் ஒவ்வொன்றாக உள்பக்கம் மடிந்தன. பாட்டனார் இலை மட்டும் விரிந்தே கிடந்தது. அம்மையப்பன் இரண்டடி முன்னால் வந்தான். அவர் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வருமா என்று கேட்டார்.

அடுப்பு ஓரத்தில் மாசிலாமணி கரியும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தான். "ரெண்டாவது ஆள் வேணும்னு ராஜாகிட்டக் கேட்டதே நான்தான் தம்பி" என்றான். "பன்னிரண்டு வருஷமா ஒருநாள் ஓய்வு இல்லை. ஆடியில நீ பிள்ளைகளோட ஆத்துக்குப் போறதை மடைப்பள்ளி ஜன்னல் வழியாப் பார்ப்பேன். ஊரே உன் பேரைச் சொல்லும். எனக்கு வயிறு எரியும்."

அம்மையப்பன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு இருவரும் ஒரே அண்டாவை வழித்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அம்மையப்பன் அரண்மனைக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொன்னான். ராஜா கேட்டார்: "இந்த வேலைக்கு எதற்காக வந்தாய்?"

நெல் வண்டியைப் பார்த்து வந்ததாக ஒப்புக்கொண்டான்.

"இப்போது ஏன் வேண்டாம் என்கிறாய்?"

"தங்கத் தட்டு நல்ல தட்டுதான் சாமி. ஆனா அதை மடிக்க முடியாதே."

ராஜா சிரித்தார். ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் நான் வந்து நிற்கிறேன், அண்ணன் ஓய்வெடுக்கட்டும் என்று அம்மையப்பன் கேட்க, அதற்கும் சம்மதித்தார்.

அவன் பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்! அடுத்த ஆடியில், சகலை பிள்ளைகளோடு ஆற்றில் குளிப்பதை மடைப்பள்ளி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது லேசாகக் கிளம்பத்தான் செய்தது. ஆனால் இந்தமுறை ஒரு சிட்டிகைதான். அதிலும் பாதியை உதறிவிட்டான்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே, அடுத்தவன் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவனுக்குத் தன் இலையில் இருப்பதன் ருசி தெரியாது.