எட்டு வயசுக்கு ஒரு ரேஸ் சூட்

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்து மூன்று. முறை தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சீடரே சுளிக்கவில்லை.

சீடர் வெள்ளியங்கிரி, கோவையில் முப்பது வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவர். குரு ஜெசிந்தா, ஊருக்கு வெளியே குட்டி பைக் ரேஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவர்கள் போட்டுக்கொள்ளும் தோல் சூட்டையும் அவளேதான் தைப்பாள். பைக் என்னவோ பெரியவர்களின் முழங்கால் உயரம்தான். ஆனாலும் விழுந்தால் தார் முட்டியை வழித்துவிடும், விழாத பிள்ளையும் அங்கே கிடையாது. அதனால் சூட்டுக்குள் முட்டியிலும் முழங்கையிலும் கெட்டியான பேட் வைத்துத் தைப்பார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் வெள்ளியங்கிரி வந்திருந்தார்.

அங்கே ஓட்டக் கற்கும் கவிநயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் ரேஸ். அவளுக்கான சூட்தான் வெள்ளியங்கிரி தனியாகத் தைத்த முதல் சூட். புதன்கிழமை கொண்டுவந்து நீட்டினார். ஜெசிந்தா அதைக் கவிநயாவுக்குப் போட்டுப் பார்த்தாள், நடக்கவிட்டாள், கழற்றினாள். பிறகு பிளேடை எடுத்துக் கால் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்தாள்.

"மறுக்கா தையுங்ணா."

"தையல் கோணலுங்களா அம்மிணி?"

"இல்லீங்ணா. தையல் அருமை."

அருமையான தையலை எதற்குப் பிரிக்க வேண்டும்? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புதுத் தோல் வெட்டி, இன்னும் பொடித் தையலாகப் போட்டு வியாழக்கிழமை கொண்டுவந்தார். அதையும் பிரித்தாள்.

"அளவு பாத்துத்தானுங்ணா வெட்டுனீங்க?"

"அளவு பாக்காம வெட்டுவனுங்களா?"

அவள் பைக்குகளைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று மத்தியானம் முழுக்க அவர், நூல் சரியில்லையோ, ஊசி சரியில்லையோ, தன் முகம்தான் சரியில்லையோ என்று என்னென்னவோ யோசித்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை. கவிநயாவின் அம்மா சுகுணாவும் வந்திருந்தாள். சூட்டின் காலை இழுத்துப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நல்லா தாராளமா இருக்குதுங்ணா. ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல."

மூன்று நாளில் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை. வெள்ளியங்கிரிக்கு மனசு குளிர்ந்தது. திரும்பினால் ஜெசிந்தா கையில் பிளேடு.

"இருங்க அம்மிணி!" அவர் குறுக்கே கையை நீட்டினார். "நாளன்னிக்கு இந்தப் புள்ள எதைப் போட்டுட்டு ஓட்டும்? என்ன தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லீன்னா என்னையப் போகச் சொல்லிருங்க."

ஜெசிந்தா பிளேடைக் கீழே வைத்தாள்.

"உங்க சாக்பீஸைக் குடுங்ணா."

கவிநயாவின் லெகின்ஸ் முட்டியில் அதை அழுத்தித் தேய்த்தாள். மேலே சூட்டை மாட்டிவிட்டாள்.

"பேட் எங்க இருக்குதுங்ணா?"

அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். "முட்டி மேலதானுங்க. சரியா உக்காந்திருக்குது."

ஜெசிந்தா பிள்ளையை வழவழப்பான சிமெண்ட் தரையில் குப்புறப் படுக்க வைத்தாள். இரண்டு கையையும் பிடித்துப் பத்தடி தூரம் சர்ரென்று இழுத்தாள்.

"அக்கா, இன்னொருக்கா!" என்றாள் கவிநயா.

ஜெசிந்தா சூட்டைக் கழற்றி, அதன் காலை உள்புறம் வெளியே வரும்படி புரட்டி அவர் மடியில் போட்டாள். வெள்ளைக் கறை பேடில்தான் தொடங்கியிருந்தது. அங்கிருந்து மேலே ஏறி, பேடைத் தாண்டி, சூட்டின் வெறும் தோலில் போய் முடிந்திருந்தது. அதாவது, முட்டி தரையில் தேய்ந்தபோது பேட் நாலு விரல் கீழே நழுவி, கெண்டைக்காலுக்கு முன்னால் சும்மா கிடந்திருக்கிறது. சுகுணாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

வெள்ளியங்கிரி டேப்பை எடுத்துப் பிள்ளையின் காலை அளந்தார், பிறகு சூட்டை அளந்தார். இரண்டு அங்குலம் கூட இருந்தது. யாரும் கேட்காமல் அவர் கை தானாகச் சேர்த்த இரண்டு அங்குலம். முப்பது வருஷமாக ஒவ்வொரு நிக்கரிலும் பாவாடையிலும் சேர்த்து, ஊரிலுள்ள அம்மாக்கள் எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கித் தந்த அதே இரண்டு அங்குலம்.

கண்ணால் பார்த்த பிறகும் அவருக்குக் குழப்பம் தீரவில்லை. அளவு எடுத்தவர் அவர், பாசத்தோடு வெட்டியவரும் அவர். பாசத்தில் எங்கே பிசகியது?

"ஏனுங் அம்மிணி, வளர்ற புள்ளைங்க. கச்சிதமா தச்சா அடுத்த வருஷம் பத்தாதுங்களே?"

"பத்தாதுங்ணா."

ஜெசிந்தா பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் விழற புள்ளைக்கு அடுத்த வருஷம் தச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை விழப்போறது எட்டு வயசுப் புள்ளைங்ணா."