ஆடு தராத பால்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் கோபத்தில் சபதம் செய்துவிட்டுச் சாப்பாட்டு வேளையில் அதை எண்ணி வருந்திய காலத்தில், மேகவர்ணன் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஆடு என்றாலே ஆகாது.

காரணம் இதுதான். அரண்மனைக் கவிராயர் வேதாசலனார் ராஜாவின் பிறந்தநாளுக்காக நூறு பாட்டு எழுதி, அந்த ஓலைச்சுவடியைத் தோட்டத்து மேடைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் ஒரு வெள்ளாடு அறுபது பாட்டைத் தின்றுவிட்டது. மீதி நாற்பதுதான் சபையில் அரங்கேறியது. கேட்டவர்கள் உள்ளூர ஆட்டை வாழ்த்தினார்கள். விகடகவி பூவராகன் மட்டும் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கவிராயர் அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை.

அன்றைக்கே ராஜா ஒரு சபதம் எடுத்தார். "ஆடு தரும் எதையும் இனி உண்ணேன்" என்ற அதன் வாசகம் கவிராயர் எழுதிக் கொடுத்தது. அதோடு விடாமல், ஊருக்கு மேற்கே இருந்த புல்மலையில் யாரும் ஆடு மேய்க்கக் கூடாது என்றும் பறை அறைவித்தார்.

ஆறு மாதம் போயிற்று. கடல் கடந்து வந்த ஒரு வணிகர் ராஜாவுக்குக் காணிக்கையாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தால், பச்சை இலையில் பொதிந்த வெள்ளைக் கட்டிகள். ராஜா ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"இது என்ன பண்டம்?"

"எங்கள் ஊர்ப் பால்கட்டி, மகாராஜா. வெள்ளாட்டுப் பாலில் செய்தது."

ராஜாவின் கை அப்படியே நின்றது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மனமில்லாமல் கட்டியைப் பெட்டியில் வைத்தார். ஆனால் அந்த மணம் விரலை விட்டுப் போகவில்லை.

"நான் உண்ணாவிட்டால் என்ன? நீங்கள் உண்டு, அதன் சுவை என்னவென்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

சபையார் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். சேனாதிபதி புளிக்கிறது என்றார். மந்திரி உப்பென்றார். புரோகிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடா வீச்சம் என்றார். கவிராயர் மூன்று துண்டு தின்று முடித்து, "அமுதம் போன்றது, முழுநிலவைப் பிட்டு வாயில் இட்டது போன்றது" என்றார்.

"நான் அமுதமும் உண்டதில்லை, நிலவும் உண்டதில்லை" என்று ராஜா எரிந்து விழுந்தார். "ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லையா?"

கவிராயருக்கு அந்த நொடியில் ஒரு யோசனை பிறந்தது. "மகாராஜா, எங்களுக்கு ஏது அந்தத் திறமை? பூவராகன் இருக்கிறாரே. தம்மால் முடியாதது ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாராம். அவரே தங்களுக்கு அந்தச் சுவையை உணர்த்தட்டும். சபதமும் உடையக் கூடாது. அது போல, இது போல என்ற உவமையும் கூடாது. இயலாவிட்டால் எல்லை தாண்டிப் போகட்டும்."

ராஜாவுக்கு இருந்த ஆவலில் முன்பின் பார்க்கவில்லை. "மூன்று நாள் தருகிறேன், பூவராகா" என்றார்.

பூவராகன் பெட்டியைப் பார்த்தான். காலியாக இருந்தது. அவனுக்கென்று ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. வாசல்வரை வணிகரோடு நடந்து, செய்முறையைக் கேட்டுக்கொண்டான். பாலைத் திரியவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் உப்பிட்டுக் கல்லின் அடியில் வைக்க வேண்டும் என்றார் அவர். அவ்வளவுதான். பூவராகன் நேரே மேற்கே நடந்தான்.

மலையடிவாரத்தில் மூக்காயி என்ற இடைச்சி பதினாறு ஆடுகளை வைத்துக்கொண்டு முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே நின்றிருந்தாள். விலா எலும்பு தெரிந்தது ஆடுகளுக்கு. தலைக்கு மேலே மலை பச்சென்று கிடந்தது. ஓர் ஆடு கூட அங்கே ஏற முடியாது.

"வாங்க சாமி. அரமனை ஆளா? நாங்க மலையில கால் வைக்கல" என்றாள் முதலிலேயே.

"அதற்கு வரவில்லையம்மா. எனக்குக் கொஞ்சம் பால் வேண்டும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஓர் ஆட்டைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, கொட்டாங்கச்சியில் நுரை பொங்கக் கறந்து நீட்டினாள். பூவராகன் குடித்தான். சூடு முதலில் தெரிந்தது. அடுத்து மெல்லிய இனிப்பு. அதன் பின்னாலேயே ஒரு சின்ன உப்பு. கடைசியில் தொண்டையில் வேலம்பூ வாசம் நின்றது.

"கடா வீச்சம் என்றார்களே. இதில் ஒன்றும் இல்லையே?"

"கடாவப் பக்கத்துல கட்டிப் போட்டா பாலு அந்த வாடையப் புடிச்சுக்கும். நாங்க தள்ளித்தான் கட்டுவோம். தின்ன தழையோட ருசிதான் பாலுல வரும். மேல ஏற விட்டா இன்னும் எப்பிடி இருக்கும் தெரியுமா? இப்ப இதுங்க மடியில என்ன இருக்கு? குட்டிக்கே பத்தல."

"உனக்கே பற்றாக்குறை. இருந்தும் ஆடு எனக்கும் தருகிறதே" என்றான் பூவராகன்.

மூக்காயி சிரித்தாள். "ஆடு எங்க சாமி தருது? குட்டிக்கு மட்டுந்தான் அது தரும். நம்ம கேட்டா உதைக்கும். நம்மதான் புடிச்சு வச்சுக் கறந்துக்கறோம்."

பூவராகன் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். "என்ன சொன்னாய்? இன்னொரு தடவை சொல்லு" என்றான். அவள் சொன்னாள். அவன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். இந்த ஆளுக்கு வெயில் ஏறிவிட்டது என்று மூக்காயி நினைத்தாள். ஆனாலும் கதையை முழுக்கக் கேட்டபிறகு, எலுமிச்சம்பழம் தேடி எடுத்து வந்தாள். பால் திரிந்தது. துணியில் தொங்கியது. கல்லின் அடியில் இறுகியது.

மூன்றாம் நாள் பூவராகன் சபைக்குள் ஆட்டோடு நுழைந்தான். பின்னால் மூக்காயி, கையில் இலைப் பொட்டலத்தோடு.

"சபைக்குள் ஆடா?" என்று ராஜா எழுந்துவிட்டார்.

"பொறுத்தருள வேண்டும், மகாராஜா. தங்கள் சபதத்தின் வாசகத்தைக் கவிராயர் ஒருமுறை சொல்லட்டும்."

வேதாசலனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆடு தரும் எதையும் இனி உண்ணேன்."

"சொல்லில் ஏதும் பிழை உண்டோ?"

"என் பாட்டில் பிழையா? ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது" என்றார் கவிராயர் கர்வத்தோடு.

"நல்லது. இந்தக் கிண்ணத்தை ஏந்தி, பால் தரும்படி ஆட்டைக் கேளுங்கள். அது தந்துவிட்டால் நான் இப்போதே எல்லை தாண்டுகிறேன்."

இவ்வளவு எளிதாக எதிரி ஒழிவான் என்று கவிராயர் எதிர்பார்க்கவில்லை. ஓடிவந்து மண்டியிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். "தா" என்றார். ஆடு அசைபோட்டது. "தருவாயாக" என்றார். ஆடு அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனியைச் சாவகாசமாக மென்றது. பொறுமையிழந்த கவிராயர் மடியில் கை வைத்தார். ஒரே உதை. கிண்ணம் சேனாதிபதியின் காலடிவரை உருண்டது. எங்கே சிரித்துவிடுவோமோ என்று சபையில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணியவில்லை.

மூக்காயி முன்னே வந்து, உருண்ட கிண்ணத்தை எடுத்து, ஆட்டை இடுக்கிக்கொண்டு கறந்தாள்.

"மகாராஜா, ஆடு தரவில்லை என்பதற்குச் சபையே சாட்சி" என்றான் பூவராகன். "மூக்காயி எடுத்தாள். மூக்காயி தருகிறாள். மூக்காயி தருவதை உண்ணேன் என்று தாங்கள் சபதம் செய்யவில்லை."

"இது அநியாயம்" என்று கவிராயர் கத்தினார். "வாசகத்தின் கருத்து அதுவன்று."

"அப்படியானால் வாசகம் பிழையா, கவிராயரே?"

தம் பாட்டில் பிழை என்று சொல்ல வேதாசலனாருக்கு நாக்கு வரவில்லை.

ராஜா அதற்குள் கிண்ணத்தை வாங்கிவிட்டார். ஒரே மூச்சில் குடித்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பால்கட்டியில் ஒரு விள்ளல் வாயில் இட்டார். முதலில் புளிப்பில் கண் சுருங்கியது. உப்பு வந்தபோது புருவம் ஏறியது. பிறகு கட்டி நாக்கிலேயே வெண்ணெயாய்க் கரைய, வேலம்பூவின் வாசம் மூக்குவரை எழ, கண்ணை மூடிக்கொண்டார்.

"சுவை தெரிந்ததா, மகாராஜா?"

"தெரிந்தது." இன்னொரு விள்ளல் எடுத்தார். "சேனாதிபதியும் மந்திரியும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சொன்னார்கள். ஆறு மாதம் வீணாய்ப் போயிற்றே."

அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கிண்ணம் குலுங்க, கிரீடம் சரிய, அரியணையில் சாய்ந்து சிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் சபையும் சிரித்தது. கவிராயர்கூடக் கடைசியில், ஆட்டின் வாயிலிருந்து அங்கவஸ்திரத்தை இழுத்துக்கொண்டே, கொஞ்சம் சிரித்தார்.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"புல்மலையைத் திறந்துவிட வேண்டும். அங்கே மேய்ந்த ஆட்டின் பால் இதைவிட ருசி என்கிறாள் இவள்."

"இதைவிடவா?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போதே திறந்தோம். அம்மா, வாரம் ஒரு கட்டி அரண்மனைக்கு நீ தர வேண்டும்." தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பூவராகனுக்குத் தாமே போர்த்தினார். மூக்காயிக்கு மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டி கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

அன்று மாலையே பதினாறு ஆடுகளும் புல்மலையில் ஏறின. ஏறின என்பதைவிடப் பாய்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது. "சாமி, பாத்து வாங்க, சறுக்கும்" என்று மேலிருந்து மூக்காயி கத்த, புதுச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, விகடகவி பூவராகன் ஆடுகளின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான்.