கண்ணாடிக்கு அப்பால் சொன்னது

காது கேளாத மகிழினியைச் சேர்க்க முடியாதென்று இரண்டு பள்ளிகள் கைவிரித்துவிட்டன. மூன்றாவது பள்ளிக்கு அவளை அழைத்து வந்தார் சிறப்பாசிரியை ஜெசிந்தா. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள அவளைப் பழக்கியவர் அவர்தான்.

தலைமை ஆசிரியர் வைரவநாதன் மேசையைத் தட்டினார். "கடைசி பெஞ்சுல உக்காந்து நான் பேசுறதைப் புரிஞ்சிக்கட்டும். அப்போ இடம் தர்றேன்."

"சரிங்க சார். ஆனா நீங்க பேசுறது மத்த பிள்ளைங்க காதுல விழுந்தா, அவங்க சொல்லிக்கொடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும். ஜன்னலுக்கு வெளியே நின்னு பேசுங்க."

அவருக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது. மகிழினியை ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணாடி ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், பக்கத்தில் நின்ற பி.டி. வாத்தியாரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மகிழினி எழுந்து போய் அதைக் கரும்பலகையில் எழுதினாள். பலகையில் எழுத்தைக் கண்டால் உரக்க வாசிப்பது அந்த வகுப்பின் வழக்கம்.

"அவ என்ன சொன்னாலும் தப்புன்னு சொல்லிடுவேன்!" என்று வகுப்பே முழங்கியது.

பி.டி. வாத்தியார் சிரிப்பை அடக்க விசிலைக் கடித்தார். அது ஒலித்துவிட்டது. உள்ளே ஓடிவந்த தலைமை ஆசிரியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "முதல் பெஞ்சுல உக்காரட்டும்" என்று முனகினார்.

"கைக்குட்டையை எடுத்துட்டுச் சொல்லுங்க சார்," என்றார் ஜெசிந்தா. "அவளுக்கும் தெரியணுமில்ல?"