ஒரு ஜாடி இளமை

செவ்வலூர் ஜமீன்தாருக்கு அறுபது வயதில் மூன்றாம் கல்யாண ஆசை வந்துவிட்டது. இளமை திரும்ப நெல்லிக்காய் லேகியம் கிண்டச் சொல்லி அரண்மனைச் சமையல்காரி மாடத்திக்கு உத்தரவு போட்டார். அவளும் நெய் மணக்கக் கிண்டி, "தினமும் நெல்லிக்காய் அளவுதான் எஜமான்" என்று ஜாடியைக் கொடுத்தாள்.

மறுநாளே சபையைக் கூட்டிவிட்டார் மனுஷன். "ஒரு நரைகூடக் கறுக்கலை! இப்பவே என்னை இளமையாக்கிக் காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடு!"

"எவ்வளவு சாப்பிட்டீங்க எஜமான்?"

"நீ சொன்ன அளவுதான்."

மாடத்தி அவர் பக்கத்தில் இருந்த ஜாடியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே வழித்தெடுத்துப் பளபளவென்று இருந்தது.

"லேகியம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு எஜமான். அளவாச் சாப்பிட்டிருந்தா இருபத்தஞ்சு வயசுல நின்னிருப்பீங்க. ஜாடியையே காலி பண்ணினதால அஞ்சு வயசுக்குப் போயிட்டீங்க. இனிப்பை ஒளிஞ்சு தின்னுட்டு, மீசையில ஒட்டியிருக்கும்போதே இல்லேன்னு சாதிக்கிறது வேற எந்த வயசு?"

"அபாண்டம்!" என்று கத்திக்கொண்டே ஜமீன்தார் மீசையை வழித்தார். வழித்த விரலை நக்கிய பிறகுதான், சபை மொத்தமும் சிரிப்பது அவர் காதில் விழுந்தது.